மைசூர்ச் சந்தில் அணைந்த அடுப்பு

மைசூருக்கு நான் போனது அரண்மனை பார்க்க அல்ல, யானை ஊர்வலம் பார்க்கவும் அல்ல. என் தங்கை பாவாயியைக் கையோடு கூட்டி வருவதற்குத்தான் போனேன். திருச்செங்கோட்டில் நான் கட்டியிருக்கும் வீட்டை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்குள்ளேயே லிஃப்ட் ஓடும். அதில் அவளுக்கென்று ஒரு அறையை ஏசி வைத்துத் தயார் பண்ணியிருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் இரும்புக் குழாய் தூக்கப் போனவன் நான். இன்றைக்கு என் பெயர் எழுதிய ரிக் வண்டிகள் ஆந்திரா வரைக்கும் ஓடுகின்றன. அப்படிப்பட்டவன் கூடப்பிறந்தவள் வெளி மாநிலத்தில் ஒரு சந்துக்குள் தொழிலாளிகளுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

காரில் போயிருக்கலாம். மூன்று நிற்கின்றன. ஆனால் அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். டிரைவர்கள் எல்லோரும் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். பூஜைக்கு நிற்கிற வண்டியை எடுக்கக் கூடாது என்று நானே போட்ட சட்டம். பஸ் ஏறினேன்.

திம்பம் மலையில் ஒரு கரும்பு லாரி வளைவில் திரும்ப மாட்டாமல் குறுக்கே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நின்றோம். பின் சீட்டில் வந்த இரண்டு அம்மாக்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கன்னடம் காது கேட்கும், வாய் வராது.

"மூங்கில் எல்லாம் எப்படிக் காய்ந்து கிடக்கிறது பார். யானை பாவம் எதைத் தின்னும்?"

"அதுதான் நம் கரும்பைத் தின்ன வருகிறதே."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை எப்படிப் போய்விட்டது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் குழாய் இறங்க இறங்கவே ஈரம் தெரியும், தண்ணீர் பீறிட்டால் குடியானவன் அதிலேயே நின்று நனைவான். இப்போது எவ்வளவு ஆழம் போனாலும் புழுதிதான் வருகிறது. புழுதி மூடின முகத்தோடு நிற்கும் குடியானவனிடம் "இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுத்தான் நான் பணக்காரனானேன். மறைக்க என்ன இருக்கிறது.

சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டில் காப்பி சொல்லப் போனபோது எதிரே உட்கார்ந்திருந்தவர், "பை-டூ சொல்லட்டுமா?" என்றார். ஒரு காப்பியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றி, முன்பின் தெரியாத ஆளோடு பங்கு போட்டுக்கொள்வதாம். என்னைப் பார்த்தால் அரைக் காப்பி குடிக்கிறவன் மாதிரியா இருக்கிறது? ஒரு முழுக் காப்பி சொன்னேன். வந்தது குடம் மாதிரி இருந்தது, குடித்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான்.

மைசூரில் தசரா கூட்டம். ஆட்டோக்காரர் பாதி வழியில், "இதற்கு மேல் போலீஸ் விடமாட்டார்கள்" என்று இறக்கிவிட்டார். ஊர் முழுக்கச் சர விளக்கு. இத்தனை பல்புக்கும் எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று எண்ணியபடி, தங்கைக்கென்று கொண்டுவந்த நாட்டுச்சர்க்கரை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இந்தத் தோளுக்கு அது ஒரு சுமையா?

பாவாயியின் சந்து நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டி இருக்கிறது. கொத்தனார்கள், ஃபாக்டரிக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பாதி தமிழ், பாதி கன்னடம். கொத்தனாராக வந்த அவள் புருஷன் இங்கேயே செத்துப்போனான். பிள்ளை இல்லை. அதற்கப்புறமும் ஊருக்கு வராமல் சமையல் போட்டுப் பிழைத்துக்கொண்டாள்.

"வாங்ண்ணா. பஸ்ஸுலயா வந்தீங்? காரு என்னாச்சு?"

"நாளைக்கு ஆயுத பூசை."

"அப்பச் செரி. கை கழுவுங். சாம்பாருல வெல்லம் கெடக்கும், திட்டாமத் தின்னுங். இங்க அப்படித்தான்."

அன்று அவள் சமையல்கூடத்தை முதல் முறையாகப் பார்த்தேன். பால்காரர் புட்டசாமியின் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கூடம். கூரை மேல் சோலார் தகடு, அதில் மாவு கிரைண்டர் ஓடுகிறது. கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரைக்குள் கோபர் கேஸ் தொட்டி, மேலே அதன் முதுகு மட்டும் ஆமை மாதிரித் தெரிகிறது. சந்தில் எல்லா வீட்டுச் சோற்று மிச்சமும், காய்த்தோலும், புட்டசாமி மாடுகளின் சாணியும் அதற்குள் போகும். உள்ளே மக்கி, கிளம்புகிற வாயு குழாய் வழியே வந்து என் தங்கையின் அடுப்பில் நீலமாக எரியும். புகை இல்லை, கரி இல்லை.

இதைச் சந்துக்காரர்களே கைக்காசு போட்டு, கொத்தனார்கள் கூலி வாங்காமல் கட்டியிருக்கிறார்கள். புட்டசாமி இடம் கொடுத்திருக்கிறார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சந்துக் கமிட்டியின் செயலாளர் மங்களா, கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண், கார்மெண்ட் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"முன்னாடி இந்தக் குப்பையெல்லாம் ஊருக்கு வெளிய மேட்டுல கொட்டுவாங்ண்ணா. அங்க அழுகி வர்ற கேஸு மேல போயி வானத்தச் சூடு பண்ணும். அதே கேஸ இங்க எரிச்சா இட்லி வேகுது. அஷ்டே," என்றாள் மங்களா. அவ்வளவுதான் என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். படிக்காதவன்தான், இருந்தாலும் எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டது.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். பாவாயிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது. வருஷக்கணக்காக விறகடுப்பை ஊதி ஊதி வந்தது. இனிமேல் புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம்தான் சந்து கூடி இந்தத் தொட்டியைக் கட்டியது. கடைகளுக்கு விற்கிற சிலிண்டரில் சமைக்கலாம்தான். ஆனால் இட்லி விலை ஏறும், ஏறினால் கூலிக்காரன் வரமாட்டான். "சிலிண்டர் நான் வாங்கிப் போடறேன், ஆயுசுக்கும்" என்றேன். பாவாயி மாவைக் கலக்கிக்கொண்டே, "உங்க காசுல அவங்களுக்கு இட்லி போட்டா அது அன்னதானமுங்ண்ணா. அவங்க சாப்பிட வர்றாங்க, பிச்சைக்கு வரலை" என்றாள்.

ஊருக்கு வருகிற பேச்சை எடுத்தேன். "தசரா முடியட்டுமுங்" என்று நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஆயுத பூஜை. எனக்குத் தீபாவளியை விடப் பெரிய நாள் அது. இரும்புதான் எனக்குச் சோறு போட்டது. சந்தில் நிற்கிற ஆட்டோ, பைக், சரக்கு வண்டி, கொத்தனார்களின் கலவை மெஷின் எல்லாவற்றுக்கும் பூஜைச் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். மார்க்கெட்டிலிருந்து மூட்டை மூட்டையாக எலுமிச்சை, வண்டி நிறையச் சாம்பல் பூசணி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நாலு பக்கமும் எலுமிச்சை வைத்து ஏற்றி நசுக்கினார்கள். திருச்செங்கோட்டில் என் ரிக் வண்டிக்குச் செய்கிற மாதிரியே செய்யச் சொன்னேன். பூசணி உடைத்த குங்குமச் சிவப்பில் சந்தே திருவிழா ஆகிவிட்டது. புட்டசாமி தன் சரக்கு ஆட்டோவுக்குப் பூஜை முடித்து, பால் சைக்கிளுக்கும் இரண்டு பழம் வாங்கிக்கொண்டு போனார். "யஜமானரே, நீங்கள் வருஷா வருஷம் வர வேண்டும்" என்றார். எனக்கும் வரலாம் போலத்தான் இருந்தது.

விஜயதசமி விடியலில் சந்தைக் கூட்டினார்கள். நசுங்கின பழமும் பூசணியும் கூடை கூடையாகச் சேர்ந்தது. மக்குகிற எதையும் முனிசிபாலிட்டி வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அத்தனையையும் தொட்டியில் கொட்டினார்கள். நானும் ஒரு கூடை தூக்கினேன். கடைசிக் கூடையைக் கொட்டிக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டது மங்களாதான். மத்தியானம் யானை ஊர்வலம் பார்க்கப் போய், கூட்டத்தில் ஒரு யானையின் வாலை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை அடுப்பு மஞ்சளாக எரிந்தது. அதற்கடுத்த நாள் பற்றவே இல்லை. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால், யாரோ வாயால் ஊதினது மாதிரிக் குச்சியே அணைந்தது. தொட்டிக்கு வெளியே வழிகிற கரைசலில் காடி வாசம் அடித்தது. மங்களா புளிப்பு பார்க்கிற ஒரு மஞ்சள் தாளை அதில் தோய்த்தாள். தாள் சிவந்தது. நஞ்சன்கூட்டில் இருக்கிற, தொட்டி கட்ட வழி சொல்லிக் கொடுத்த மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "என்ன கொட்டினீர்கள்?" என்று அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சொன்னாள். உள்ளே சாணத்தை வாயுவாக்குகிற உயிர்கள் இருக்கின்றன, இவ்வளவு புளிப்பில் அவை செத்துப்போகும் என்றார். புதிதாக எதையும் போடக் கூடாது, சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், நன்றாக ஓடுகிற இன்னொரு தொட்டியிலிருந்து கரைசல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பிழைத்தால் உண்டு.

"யாரு இத்தன எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னது?" என்று ஒரு அம்மா முணுமுணுத்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது பார்த்ததை விட மோசம்.

மறுநாள் விடிகாலை கூடத்திலிருந்து புகை வாசம் வந்தது. ஓடினேன். மூன்று கல்லைக் கூட்டி, கொத்து வேலைக்குக் கொண்டுவந்த பலகைத் துண்டுகளை எரித்து, இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் பாவாயி. மூச்சு உள்ளே போவதற்கு இடம் தேடுகிற மாதிரி இருந்தது. உதடு கறுத்திருந்தது. காலால் நெருப்பைத் தள்ளினேன். வெந்நீர் என் காலில் கொட்டியதைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

மங்களா வந்து அவள் முதுகைத் தடவினாள். பிறகு மிச்சமிருந்த மாவைக் காட்டி, "இதப் பங்கு போட்டுருவோம்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பாவாயி மாவு ஆட்டுவாள், வீட்டுக்கு ஒரு போசிப் பாத்திரம் நிறைய மாவு போகும், அவரவர் அடுப்பில் வேக வைத்துக் கொண்டுவருவார்கள். தமிழ் வீட்டிலிருந்து கிண்ண இட்லி வந்தது. கன்னட வீட்டிலிருந்து தட்டு அகலத்துக்குத் தட்டை இட்லி வந்தது. ஒரே இலையில் இரண்டும் விழுந்தது.

"இதென்னக்கா, இட்லியா, தலகாணியா?" என்றான் ஒரு கொத்தனார்.

"அது புட்டசாமி சம்சாரம் ஊத்துனது. போயி அவங்ககிட்டக் கேளு, பதில் கெடைக்கும்" என்றாள் பாவாயி.

"வேண்டாங்க்கா. தலகாணியே இருக்கட்டும்."

அன்று எல்லோரும் போனதும் என்னிடம் சொன்னாள். "ஒரு வாரம் இப்படி ஓடும். அதுக்கு மேல பாவம், அவங்கவங்க வீட்டுச் சிலிண்டரு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, ஆனா சலிச்சுருவாங்க. ஒரு வாரத்துல நெருப்பு வரலைன்னா நான் உங்ககூட வந்தர்றனுங்ண்ணா. சந்துக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

நான் கேட்க வந்தது அந்த வார்த்தைதான். கிடைத்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அடுத்த வாரம் அவள் என் வீட்டு லிஃப்டில் ஏறியிருப்பாள். ஆனால் சொல்லிவிட்டு அவள் கிரைண்டர் கல்லை ஈரத் துணியால் துடைத்தாள் பாருங்கள். செத்தவரைக் குளிப்பாட்டுகிற மாதிரித் துடைத்தாள். நான் எழுந்து போய், "புட்டசாமி, நஞ்சன்கூட்டுப் பக்கம் யாரிடம் இந்தத் தொட்டி இருக்கிறது?" என்று தமிழிலேயே கேட்டேன். அவருக்குப் புரிந்தது.

அவருடைய சரக்கு ஆட்டோவில் காலி டிரம்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நஞ்சன்கூடு தாண்டி ஒரு தோட்டம், அவருக்குத் தூரத்துச் சொந்தம். வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். ஆயுத பூஜையன்று அந்த ஸ்டெப்னிக்கும் ஒரு எலுமிச்சை நசுக்கியிருந்தோம். "அதற்கும் பொட்டு வைத்தோம் யஜமானரே, காற்று அடிக்கத்தான் மறந்துவிட்டோம்" என்றார் புட்டசாமி. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து, வாசலில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

தோட்டக்கார அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "விளக்கு வைத்த பிறகு ஹெப்பு கொடுக்க மாட்டோம்" என்றார். ஹெப்பு என்றால் பாலைத் தயிராக்க ஊற்றுகிற உறைமோர். "இது சாணிக் கரைசல்தானே அம்மா?" என்றார் புட்டசாமி. "உங்கள் தொட்டியில் உறை ஊற்றத்தானே கேட்கிறீர்கள்? அப்போது இதுவும் ஹெப்புதான். வீட்டு லட்சுமியை இருட்டில் அனுப்ப முடியாது."

புட்டசாமி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது பேசுவேன் என்று. பணத்தை எடுத்து நீட்டி எத்தனையோ இடத்தில் காரியம் முடித்தவன் நான். ஆனால் என் வீட்டிலும் அதே சட்டம்தான். விளக்கு வைத்த பிறகு உறைமோரும் உப்பும் வாசல் தாண்டாது. அங்கேயே ராகிக் களியும் அவரைக் கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தோம். ஒரு நாள் போயிற்று.

காலையில் அந்த அம்மாவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்களை நிரப்பினார். பணம் எடுத்தேன். "உங்கள் ஊரில் உறைமோருக்கு விலை வைப்பார்களா?" என்று கேட்டார். பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மைசூர் ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஒரு டிரம் சாய்ந்து மூடி திறந்துகொண்டது. பின்னால் டிரம்மைப் பிடித்து உட்கார்ந்திருந்தவன் நான். என் வெள்ளை வேட்டி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் ஒரு ஓடை. டிராஃபிக் போலீஸ்காரர் விசிலோடு ஓடிவந்தவர், கிட்டே வந்ததும் விசிலை எடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன இது?"

"தயிருக்கு உறை, சார்" என்றார் புட்டசாமி, சிரிக்காமல்.

"போங்கள், போய்த் தொலையுங்கள்."

மிச்ச டிரம்களை நான் மடியில் கட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்து, தொட்டியில் ஊற்றினோம்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். கொத்தனார்கள் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தார்கள், மங்களா தாளைத் தோய்த்துப் பார்த்துப் பார்த்து அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டாள். நான் காலையும் மாலையும் மாட்டுச் சாணியைக் கையால் கரைத்து, கல், வைக்கோல் பொறுக்கி எடுத்து வைத்தேன், அவள் சொல்கிறபோது ஊற்றுவதற்கு. எத்தனையோ பாறையைத் துளைத்த கை இது, சாணி கரைப்பதற்குக் கூசவில்லை. தினமும் ஒரு தீக்குச்சி கிழித்துக் கிட்டே கொண்டுபோவேன். அணைந்துவிடும். பாவாயி தூரத்தில் மாவை அள்ளிக்கொண்டு நிற்பாள், பார்க்காத மாதிரி.

சந்தில் சலிப்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதென்று போசியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் கதவு திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பாவாயி கோபப்படவில்லை. "அவளுக்கும் கொழந்தைக இருக்குது" என்றாள். அன்றைக்குத் தன் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை என்னோடு வர வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவன், அவள் வராமல் இருப்பதற்காக என் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வேண்டுதலை என் வாழ்க்கையில் நான் வைத்ததில்லை.

அவள் சொன்ன வாரம் முடிகிற காலை. மங்களா தோய்த்த தாள் மஞ்சளாகவே இருந்தது. தாளை என்னிடம் நீட்டினாள். வால்வைத் திறந்து குச்சி கிழித்தேன். அணையவில்லை. அடுப்பின் ஓரத்தில் ஒரு விரல்நுனி அளவுக்கு நெருப்பு ஒட்டிக்கொண்டது, தயங்கித் தயங்கி வட்டம் முழுக்க ஓடியது.

"என்ன நெறமுங்?" என்று பாவாயி அங்கிருந்தே கேட்டாள்.

"நீலந்தான்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கொப்பரையைத் தூக்கி வைத்தாள். நெருப்பு சின்னது, முதல் ஈடு வேக வெகுநேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கொத்தனார்கள் இலையோடு நின்றுகொண்டே இருந்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவு திறக்காத வீட்டு அம்மாவும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு இலை போட்டார். பாவாயி அவருக்குத்தான் முதல் இட்லியை வைத்தாள்.

கை கழுவும்போது என்னிடம் சொன்னாள். "அந்த ரூமப் பூட்டி வெச்சராதீங்ண்ணா. கரையான் புடிச்சுக்கும். யாராச்சும் இருக்கட்டும்."

சரி என்றேன்.

ஊர் திரும்புகிற பஸ்ஸுக்கு அவள் பெட்டி கட்டின அன்றே இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், இப்போது பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டு போட்டிருக்கீங்களே பெரியவரே, இன்னொருத்தர் எங்க? வண்டி எடுக்கணும்" என்றான்.

"எந்தங்கச்சிதான். அவளுக்கு இங்க வேல இருக்குது. நீங்க யாரையாவது ஏத்திக்கங்க தம்பி."

நஞ்சன்கூட்டில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா ஏறினார். எழுந்து ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.